ராக்கெட்டுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்

எக்கா, கொஞ்சம் தள்ளி உட்காருவீங்களா? இல்லை இல்லை, ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க. பையை மடியில் வைத்துக்கொள்கிறேன், கீழே வைத்தால் குப்பி சரிந்துவிடும். இந்த வண்டி மாவடிமுக்கில் நிற்கும்தானே? கண்டக்டரிடம் கேட்டேன், டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டுப் பதில் சொல்லாமல் போய்விட்டார். நீங்க தினமும் இதில்தான் போவீங்களா? நல்லதாய்ப் போயிற்று. எனக்கு அந்தப் பக்கம் பழக்கம் இல்லை. முன்பு ஒரே ஒரு தடவை பள்ளிக்கூட வேனில் போனேன், பேசிக்கொண்டே போனதில் வழியைப் பார்க்கவில்லை. மாவடிமுக்கு வந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. நான் பேச ஆரம்பித்தால் வெளியே மழை பெய்தாலும் தெரியாது. எங்க வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். போன் போட்டால் அவர் 'ம்' கொட்டக்கூட நான் இடம் விடுவதில்லையாம்.

கல்யாண வீட்டுக்கெல்லாம் போகவில்லை எக்கா. என் மகள் இன்றைக்கு ராக்கெட் விடுகிறாள்.

சிரிக்காதீங்க. தீபாவளி ராக்கெட் இல்லை. முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளம், மூக்கு, இறக்கை எல்லாம் உண்டு. மேலே போய் மூக்கைக் கழற்றிக்கொண்டு, பாராசூட்டை விரித்துக்கொண்டு, பைய இறங்கி வரும். வரவேண்டும். போன தடவை வரவில்லை. அதுதான் இன்றைக்கு இரண்டாம் தடவை. இதிலும் வராவிட்டால் அவ்வளவுதான், ஸ்ரீஹரிகோட்டா கிடையாது. யாருடைய ராக்கெட் பாராசூட்டோடு இறங்குகிறதோ அந்தப் பிள்ளைகளை மட்டும் பெரிய ராக்கெட் ஏறுவதைக் காட்டக் கூட்டிப் போகிறார்கள். எங்க பெனிஷா ஒரு வருஷமாய் அதே நினைப்பில் இருக்கிறாள். எட்டாம் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் சினிமாக்காரர் படம் ஒட்டுகிற இடத்தில் இவள் ராக்கெட் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். என் பீரோ கதவில்.

அவள் பள்ளிக்கூடத்தில் டைட்டஸ் சார் என்று அறிவியல் சார். நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார். முதல் சட்டம், ராக்கெட்டைப் பிள்ளைதான் செய்யவேண்டும். அம்மா அப்பா பார்க்கலாம், கை வைக்கக்கூடாது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நான்தான் முதலில் கை தட்டினேன். ஏன் தெரியுமா? நான் படித்த பள்ளிக்கூடத்தில் செய்முறை வகுப்பென்றால் டீச்சர் மேசையில் எல்லாவற்றையும் டீச்சரே செய்வார்கள். நாங்கள் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கவேண்டும். சோதனைக் குழாயை ஒரு தடவை கையில் பிடித்துப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது! கடைசிவரை தரவில்லை. அது பெரிய பாவம் எக்கா. பிள்ளைகளைத் தொடவிட வேண்டும். தொட்டால்தான் படிப்பு.

ஆனால் இந்தக் காலத்து அம்மாக்கள் விடுகிறார்களா? எங்க தெருவில் வக்கீல் வீட்டு ஷீலா. அவள் மகளுக்கு இறக்கை வெட்டித் தர ஆசாரியை வரவழைத்தாள். ஆசாரியை! அந்த மாதிரி அம்மாக்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பிள்ளை கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் அது கோணலோ மாணலோ, பிள்ளை செய்ததாக இருக்கவேண்டும். நான் அப்படித்தான். பெனிஷா ராக்கெட்டில் நான் கை வைக்கவே இல்லை.

இறக்கை மட்டும் நான் வெட்டினேன். அவள் வெட்டினால் ஓரம் பிசிறடிக்கும். பிறகு உப்புத்தாள் தேய்க்கிறது, அதில் தூசி பறக்குமே, பிள்ளைக்கு ஏற்கெனவே தும்மல், அதனால் அதையும் நான் தேய்த்தேன். பெயிண்டுக்கு நல்ல கை வேண்டும். பாராசூட், அது தையல் வேலை, நான் இருக்க அவள் எதற்கு? என் பழைய சேலை ஒன்று, கிளிப்பச்சையில் மஞ்சள் கரை, பளீரென்று ஒரு மைலுக்குத் தெரியும். அதில் வட்டமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, கரையையும் வீணாக்காமல் நடுவில் வைத்துக் கொடுத்தேன். கல்யாணமான புதிதில் எங்க வீட்டுக்காரர் வாங்கித் தந்த சேலை எக்கா. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுக் கோயிலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மற்றது எல்லாம் அவள்தான்.

மற்றது என்றால் என்ஜின் கூடு.

உங்களுக்கு அதைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. ராக்கெட் என்றால் ஒரு காகிதக் குழாய், அவ்வளவுதான். அதன் அடியில் என்ஜின் உட்காரும். என்ஜின் என்றவுடன் மோட்டார் பம்ப் மாதிரி நினைக்காதீங்க. மருந்து அடைத்த சின்ன அட்டைக் குழாய், பெருவிரல் தடிமன் இருக்கும். அதைச் சார்தான் பூட்டி வைத்திருப்பார், பிள்ளைகள் கையில் தர மாட்டார். பெரிய குழாய்க்குள் அதை அப்படியே போட்டால் லொடலொடவென்று ஆடாதா? அதனால் அதற்கென்று ஒரு கூடு. ஒரு சின்னக் குழாய், அதன் கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு அட்டை வளையம். வளையத்தின் ஓரத்தைப் பெரிய குழாயின் உள்சுவரோடு பசை போட்டு ஒட்டவேண்டும். என்ஜின் கூட்டைத் தள்ளும், கூடு ராக்கெட்டைத் தள்ளும். என்ஜின் பின்னால் நழுவி விழாமல் இருக்கக் கூட்டில் ஒரு கம்பிக் கொக்கி. இவ்வளவுதான் விஷயம். ஆனால் டைட்டஸ் சார் அதற்கு ஒரு வகுப்பே எடுத்தார். "மொத்த ராக்கெட்டும் அந்தப் பசையிலதான் நிக்குது, பார்த்துக்கோங்க" என்றார்.

எனக்குக் கேட்டவுடனே விளங்கிவிட்டது. இது நம்ம புட்டுக்குழல்தானே! குழல், உள்ளே ஓட்டை போட்ட தட்டாக ஒரு சில்லு, அடியிலிருந்து ஆவி. நான் கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், சாரும் சிரித்தார். பெனிஷா மட்டும் குனிந்துகொண்டாள். கூச்சம். புட்டு விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது எக்கா. எங்க வீட்டுப் புட்டு ஒரு நாளும் உடைந்து வந்ததில்லை. குழலின் உள்ளே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு மாவு போடுவேன். பிறகு கம்பால் ஒரு குத்து, சில்லும் புட்டுமாக வழுக்கிக்கொண்டு வந்து தட்டில் நிற்கும்.

வில்லுக்குறி வந்தாயிற்றா? இன்னும் தூரம் இருக்கிறதா? சரி.

அந்தக் கூடு ஒட்டுகிற வேலைக்குத்தான் பெனிஷா என்னைப் பக்கத்திலேயே விடவில்லை. "எம்மா, இது மட்டும் நான் செஞ்சுக்கிடுதேன். நீ அந்தப் பக்கம் போ" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் போய்விட்டேன், ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். அதில் ஒரு நுணுக்கம் உண்டாம். குழாயின் உள்ளே பசையைத் தடவிவிட்டு, கூட்டை ஒரே மூச்சில் தள்ளவேண்டும். நடுவில் நின்றால் போச்சு. பசை பிடித்துக்கொள்ளும், முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அதற்காக அவள் பசை போடாமலேயே நாள்கணக்கில் தள்ளிப் பழகினாள். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வருவாள். கூட்டில் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோடு குழாயின் வாயில் வந்து நின்றால் சரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒட்டினாள். பசை தடவினாள், மூச்சைப் பிடித்தாள், ஒரே தள்ளு. கோட்டில் நின்றது. பிறகு வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள் பாருங்க, அவள் அப்படிக் கட்டிப்பிடித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. "எம்மா, நின்னுட்டு" என்றாள். "யாரும் தொடக்கூடாது, காயணும்." நான் எதற்குத் தொடப்போகிறேன்?

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் மாவடிமுக்குக் குளத்தில் ராக்கெட் விடுகிறார்கள். குளம் வற்றி நடுவில் மட்டும் சேறாய்க் கிடக்கிறது, திறந்தவெளி, அதனால் அங்கே. காலையில் பெனிஷாவுக்குக் கோயிலில் பாட்டுப் பயிற்சி. அங்கிருந்து நேராக வேனுக்கு வந்துவிடுவாள், ராக்கெட்டை நான் எடுத்து வரவேண்டும் என்று ஏற்பாடு. தலை துவட்டுகிற துவர்த்தில் பொதிந்து எடுக்கலாம் என்று போனேன். போனவள் ஒரு தடவை பார்த்தேன்.

பார்க்கச் சகிக்கவில்லை எக்கா. வளையத்தைச் சுற்றிப் பசை திட்டுத் திட்டாக, சுவரில் எச்சில் ஒழுகினது மாதிரி. அது போகட்டும், கூடு உள்ளே முழுசாகப் போகவே இல்லை. அரை விரல் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கொக்கி வேறு வெளியே துருத்திக்கொண்டு, ஓணான் நாக்கை நீட்டின மாதிரி. சார் கொடுத்த படத்திலும் அப்படித்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் படம் வரைகிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு சாமானை முடித்தால் ஓரம் ஓரத்தோடு சேரவேண்டாமா? பிளவுஸில் உள்துணி வெளியே எட்டிப் பார்த்தால் போட்டுக்கொள்வீங்களா? அத்தனை ஊர்க்காரர்கள் முன்னால், வக்கீல் வீட்டு ஆசாரி இறக்கைக்குப் பக்கத்தில், என் பிள்ளையின் ராக்கெட் இப்படி நிற்பதா?

சரி, நேராக்கிவிடலாம் என்று நினைத்தேன். செய்கிறதென்று இல்லை, நேராக்குகிறது.

முதலில் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நல்ல பிடி பிடித்திருந்தது, அதைச் சொல்லவேண்டும், என் மகள் அல்லவா. பிறகு ஒரு யோசனை. பசை காய்ந்தால் ஆவியில் இளகும்தானே? தபால்தலையை அப்படித்தானே எடுப்போம்? புட்டுக்குடத்தை அடுப்பில் வைத்தேன். இறக்கையில் ஆவி படாமல் வாழையிலைக் கீற்றைச் சுற்றிக் கட்டினேன். ராக்கெட்டைக் குடத்தின் வாயில் நிறுத்தினேன். நம்புவீங்களோ என்னவோ, குழல் உட்கார்கிற மாதிரியே கச்சிதமாக உட்கார்ந்தது. அடுப்படியில் ராக்கெட் ஆவி பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கே சிரிப்பு. போட்டோ எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பலாமா என்று பார்த்தேன், பிறகு அவர், கை வைக்காதே, கை வைக்காதே என்று ஆரம்பிப்பார், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

இளகிற்று. கூட்டை உருவி எடுத்து, பழைய பசையெல்லாம் சுரண்டி, துடைத்து, புதுப் பசை போட்டுத் தள்ளினேன். பாதியில் நின்றுவிட்டது. ஆவியில் காகிதம் கொஞ்சம் உப்பியிருந்ததோ என்னவோ. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வேனுக்கு நேரமாகிறது. என்ன செய்வதென்று தெரியாத வெப்ராளத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வேறு யாராவது என்றால் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். எனக்குத்தான் கை எப்போதும் வழி கண்டுபிடிக்கும். மறுபடியும் ஆவி காட்டி உருவி எடுத்தேன். குழாயின் உள்ளே சுற்றிவர ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். ஒரு சொட்டென்றால் ஒரு சொட்டில்லை, ஒரு விரல் அளவு. புட்டுக் குத்துகிற கம்பை வைத்து ஒரு தள்ளு. வழுக்கிக்கொண்டு போய் ஓரம் ஓரத்தோடு நின்றது பாருங்க, கொக்கிகூட உள்ளே அடங்கிவிட்டது. வெளியே ஒன்றும் தெரியாது. கடையில் வாங்கினது மாதிரி.

குளத்தில் கூட்டமான கூட்டம். பெனிஷா வந்து துவர்த்தைப் பிரித்தாள். ராக்கெட்டைத் திருப்பி அடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படியே மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எம்மா, நீ இதைத் தொட்டியா?"

"துவர்த்துல பொதியும்போது தொட்டிருப்பேன் மக்ளே" என்றேன். அது உண்மைதானே?

அவள் திரும்பவும் அடியைத் தடவினாள். நான் நினைத்தேன், இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதே என்று மலைத்துப் போய்விட்டாள் என்று.

ராக்கெட்டைத் தரையில் நட்ட கம்பியில் ஏற்றுமுன் சார் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்பார். சட்டம் சட்டம்தானே. வக்கீல் வீட்டுப் பிள்ளை முறை வந்தது. இறக்கை யார் வெட்டினது என்றார். அது அம்மாவைத் திரும்பிப் பார்த்தது, ஆசாரி என்று சொல்லிவிட்டது. சார் அந்த ராக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டார். ஷீலா முகத்தை நீங்க பார்த்திருக்கவேண்டும். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் செய்ததற்கு அனுபவிக்க வேண்டாமா?

அடுத்தது பெனிஷா. சார் அடியைத் தடவிப் பார்த்து, கொக்கி உள்ளே போயிருக்கிறதே என்று புருவத்தைச் சுருக்கினார். கூட்டை ஒட்டினது யார் என்றார். பிள்ளை நிமிர்ந்து நின்று, "நான்தான் சார்" என்றாள். ஒரு தடுமாற்றம் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஷீலா மகளையும் பாருங்க, என் மகளையும் பாருங்க. வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே எக்கா.

கொக்கி பிடிக்காததால் சார் என்ஜினைச் சுற்றி டேப் ஒட்டி, கூட்டுக்குள் இறுக்கி வைத்தார். அங்கேதான் தப்பு நடந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். யாராவது டேப் ஒட்டுவார்களா?

எல்லாரும் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். சார் பொத்தானை அழுத்தினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். மேலே ஏதோ போகிறது. எல்லாரும் கை தட்டினோம். நான்தான் உரக்கத் தட்டினேன். பிறகு பார்த்தால், ராக்கெட் கம்பியிலேயே நிற்கிறது. குழாய், இறக்கை, நான் அடித்த பெயிண்ட், எல்லாம் நின்ற இடத்தில் நிற்கிறது. உள்ளே இருந்தது மட்டும் போயிருக்கிறது. என்ஜினும் கூடும் சேர்ந்து, குழாய்க்குள்ளேயே மேலே வழுக்கி, பாராசூட்டை முட்டி, மூக்கைத் தள்ளிக்கொண்டு உச்சி வழியாக வெளியே! வானத்தில் இரண்டு குட்டிக்கரணம் போட்டுவிட்டுக் குளத்துச் சேற்றில் போய்ச் சொருகிற்று. பாராசூட் ஒரு எருக்கஞ்செடியில் மாட்டிக்கொண்டது.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "அப்படியே புட்டு குத்தின மாதிரில்லா இருக்கு!" என்றது. ஷீலாதான். அவள் கண் சாதாரணக் கண் இல்லை எக்கா. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள்.

சார் வந்து குழாயை எடுத்தார். உள்ளே விரலை விட்டு எடுத்து, மோந்து பார்த்தார். "பிள்ளே, உள்ளே எண்ணெய் இருக்கே. எண்ணெய் இருந்தா பசை பிடிக்காதுன்னு தெரியாதா?"

பெனிஷா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தலைக்கு எண்ணெய் தேய்ச்ச கையோட ஒட்டிட்டேன் சார். கை கழுவ மறந்துட்டேன்."

எப்படிச் சமாளித்தாள் பார்த்தீங்களா? அந்த வயதில் எனக்கு அந்தப் புத்தி கிடையாது. டக்கென்று வாயில் வந்தது. ஆனால் எண்ணெயால்தான் என்று சார் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாக்கெட் எண்ணெய் என்றால் சரி, என்னென்ன கலக்கிறார்களோ. இது எங்க வீட்டுத் தேங்காயை வெட்டிக் காயவைத்துச் செக்கில் ஆட்டினது. பிறந்த குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெய். அது பசையை என்ன செய்யும்? பசை மட்டம். பள்ளிக்கூடத்தில் எது விலை குறைவோ அதைத்தானே வாங்குவார்கள்?

சார் நல்ல மனிதர் என்றேனே. கை கழுவ மறந்ததற்கு ஒரு பிள்ளையைத் தள்ளிவிட முடியாது, இன்னொரு தடவை செய், கடைசித் தடவை என்றார். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கும் அதே. அந்த இரண்டாம் தடவைதான் இன்றைக்கு.

அதற்குப் பிறகு பிள்ளை கொஞ்சம் மாறித்தான் போனாள். வயது அப்படி. தலைக்கு எண்ணெய் வைக்க விடுவதில்லை. எண்ணெய்க் குப்பியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அழகு பார்க்கிற பருவம் வந்துவிட்டதல்லவா? புது ராக்கெட்டை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. பள்ளிக்கூடத்தில் வைத்தே செய்து, சாருடைய அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறாள். எனக்கு வேலை வைக்கக்கூடாதாம். எவ்வளவு கரிசனம் பாருங்க. இறக்கை வெட்டினாயா என்றால் வெட்டினேன் என்பாள். கூடு ஒட்டினாயா என்றால் ஒட்டினேன். நான் வந்து ஒரு பார்வை பார்க்கட்டுமா என்றால், "வேண்டாம், உனக்கு முட்டு வலிக்கும்" என்கிறாள். எனக்கு எங்கே முட்டு வலி?

ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "எம்மா, உன் சேலைப் பாராசூட் இருக்குல்லா. அதை மட்டும் தருவியா?" என்றாள். எருக்கஞ்செடியில் கிழிந்த இடத்தைத் தைத்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனாள்.

என்ன கேட்டீங்க?

பிள்ளை என்னை வரச் சொல்லிச்சாவா? நல்லா கேட்டீங்க போங்க. அவள் எங்கே சொல்வாள்! இந்தத் தடவை அம்மாமாருக்கு அனுமதி இல்லை என்று சொன்னாள். எனக்கு அலைச்சல் வேண்டாமே என்றுதான். வகுப்பு அம்மாக்கள் குழுவில் பார்த்தால் ஷீலா வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறாள். அப்போது எனக்கு மட்டும் என்ன தடை? வேன் போய்விட்டது, அதனால் என்ன, பஸ் இல்லையா? சொல்லாமல் போய் முன்னால் நிற்கப் போகிறேன். பிள்ளை முகம் எப்படி மாறும் என்று பாருங்க. என்ஜின் வைக்குமுன் போய்விட்டால் போதும். நான் கை வைக்கப்போவதில்லை. ஒரு பார்வை. கூடு இறுக்கமாக இருந்தால், ஓரம் சேராமல் இருந்தால், அதற்காகத்தான் இந்தக் குப்பி. செக்கெண்ணெய். மோந்து பாருங்க. என்ன வாசனை! போன தடவை கொஞ்சம் குறைத்துத் தடவிவிட்டேனோ என்று எனக்கு ஒரு எண்ணம். இந்தத் தடவை தாராளமாக எடுத்து வந்திருக்கிறேன்.

ஏன் எக்கா அப்படிப் பார்க்கிறீங்க? குப்பியைக் கையிலேயே வைத்திருக்கிறீங்களே, மூடி சரியாக இல்லையா? சரி, வைத்திருங்க. உங்களுக்கும் ஒரு மகள் என்றீங்களே, சென்னையில் வேலை பார்க்கிறவள், அவளும் இப்படித்தானா? மாதத்துக்கு ஒரு தடவைதான் போன் பண்ணுவாளா? பிள்ளைகளுக்கு வேலை இருக்கும். நாமே போய் நிற்கவேண்டும், சொல்லாமல் போய் நிற்கவேண்டும். அப்போதுதான் சந்தோஷப்படுவார்கள். போயிருக்கிறீங்களா? போய்த்தான் இப்படி ஆயிற்றா? அப்படியென்றால்?

விடுங்க, சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம்.

இந்தச் சாலை ஏன் குளத்தங்கரை மேலே போகிறது? எக்கா, அது அந்தக் குளம்தானே? அந்தக் கரையில் பாருங்க, கூட்டம், கயிறு கட்டியிருக்கிறார்கள், பள்ளிக்கூட வேன்! அப்போது மாவடிமுக்கு? தாண்டியாயிற்றா? எப்போது? எக்கா, உங்களிடம் சொல்லச் சொன்னேனே! தினமும் போகிற வழியில் உங்களுக்கே தெரியாமல் போய்விட்டதா?

சரி சரி, கையைப் பிடிக்காதீங்க, நான் கோபப்படவில்லை. என் பேச்சு அப்படி, கேட்டவர்கள் எல்லாம் தங்கள் ஸ்டாப்பையே விட்டிருக்கிறார்கள். கண்டக்டர் சார், நிறுத்துவீங்களா? பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நிறுத்துவாராம். அங்கிருந்து நடந்து திரும்பினால் எல்லாம் முடிந்திருக்கும். என் பிள்ளைக்கு யார் ஒரு பார்வை பார்த்துக் கொடுப்பார்கள்? பாவம், தனியாக நிற்கிறாளே. அந்தக் கூடு எப்படி இருக்கிறதோ, பசை திட்டுத் திட்டாக...

இருங்க. ஏதோ போகிறது.

எக்கா, ஏதோ மேலே போகிறது! குழாயோடுதானே போகிறது? இறக்கை தெரிகிறதா உங்களுக்கு? கொஞ்சம் குனியுங்க. முழுசாகப் போகிறது, ராக்கெட் முழுசாக! யாருடையதோ. ஷீலா மகளுடையதாக இருக்கும், அவள் இந்தத் தடவை எந்த ஆசாரியைப் பிடித்தாளோ. தென்னைக்கு மேலே போய்விட்டது. நின்றுவிட்டதா? மூக்கு கழன்று...

பச்சை.

எக்கா, பச்சை! கிளிப்பச்சை! மஞ்சள் கரை தெரிகிறதா? அது என் சேலை எக்கா! எங்க பெனிஷா! கண்டக்டர் சார், நிறுத்தவேண்டாம், மெதுவாகப் போங்க, மெதுவாக, அது இறங்கட்டும். எப்படி விரிந்து வருகிறது பாருங்க, நான் கோயிலுக்குக் கட்டிப் போனபோதுகூட இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

நீங்க எதற்கு எக்கா கண்ணைத் துடைக்கிறீங்க? நான்தானே அம்மா, நான்தானே அழவேண்டும்.

நான் இல்லாமலேயே செய்துவிட்டாளே. இல்லை, இல்லை. எனக்குத் தெரியும் அவளை. என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், யாரிடமோ கேட்டு வாங்கித் தடவியிருக்கிறாள். எண்ணெய் தடவாமல் இவ்வளவு வழுவழுவென்று போகுமா? நீங்களே சொல்லுங்க.